பாட்டு யார் பெயரில் இருக்கிறது?

அன்புள்ள அக்கா,

எனக்கு 26 வயது. ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ராத்திரியில் கிட்டாரை வைத்துக்கொண்டு பாட்டு எழுதுகிறேன். அப்பாவின் தறிக்கூடத்தைப் பற்றி எழுதிய பாட்டை யூடியூபில் போட்டேன், கொஞ்சம் பேர் கேட்டார்கள். அதைப் பார்த்து ஒரு இசை நிறுவனம் கூப்பிட்டது. என்னிடம் இருக்கும் ஐந்து பாட்டுகளையும் மொத்தமாக ஒரு தொகைக்குக் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று இருக்கிறது. கையெழுத்துப் போட மனம் வரவில்லை, விடவும் மனமில்லை.

நீங்கள் ஒரு உரையில் ஆனி டிஃப்ராங்கோ என்ற அமெரிக்கப் பாடகியைப் பற்றிச் சொன்னீர்கள். எந்தக் கம்பெனியிலும் சேராமல் பாடியவர் என்று. அவர் இப்போது என்ன செய்கிறார்? புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா? 'அவரே கடைசியில் பிராட்வே நாடகத்துக்குப் போய்விட்டார், தனியாக நிற்பதெல்லாம் இளவயதில்தான் முடியும்' என்கிறான் என் நண்பன். உண்மையா அக்கா?

(பெயர் வேண்டாம், ப்ளீஸ்.)

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உங்கள் நண்பருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனி பிராட்வேக்கு, அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக மேடைகளுக்கு, போனது உண்மைதான். 2024 பிப்ரவரியில், 'ஹேடிஸ்டவுன்' என்ற இசை நாடகத்தில் பெர்செஃபனி என்ற பாத்திரமாக மேடையேறினார். ஆனால் அந்த நாடகம் எங்கிருந்து வந்தது என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். அனேயிஸ் மிட்சல் என்ற பாடகி கிரேக்கப் புராணக் கதை ஒன்றைப் பாட்டுகளாக எழுதினார். 2010இல் அதை ஆல்பமாக வெளியிட்டது ஆனியின் சொந்த லேபிளான, அதாவது பாட்டுகளை வெளியிடும் நிறுவனமான, ரைச்சஸ் பேப் ரெக்கார்ட்ஸ். அதில் பெர்செஃபனிக்குப் பாடியவரும் ஆனியேதான். அந்த ஆல்பம் நாடகமாக வளர்ந்து, 2019இல் பிராட்வே மேடைக்கு வந்து, அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுகளில் எட்டை வாங்கியது. பதினான்கு வருடங்களுக்கு முன்னால் தான் பாடிய பாத்திரத்தை, 53 வயதில் போய் நடித்திருக்கிறார். தன் தோட்டத்தில் வளர்ந்த மரத்தின் நிழலில் உட்கார்வது போலத்தான் அது. அதைத் தோல்வியாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

மற்ற செய்திகள். அதே 2024 மே மாதம் புது ஆல்பமும் வந்தது. பெரும்பாலும் தன் ஆல்பங்களைத் தானே தயாரிப்பவர், இந்த முறை பி. ஜே. பர்ட்டன் என்ற தயாரிப்பாளரிடம் பாட்டுகளைக் கொடுத்தார். கிட்டாரும் குரலுமாக இருக்கும் பாட்டுகளை மின்னொலியால் உடைத்து அடுக்குகிறவர் பர்ட்டன். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது தடவையில்தான் அந்தக் குரல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த ஜூனில் அவரைப் பற்றிய ஆவணப்படம் டிரைபெக்கா திரைவிழாவில் திரையிடப்பட்டது. இவை தவிர 2019இல் தன்வரலாறு, 2021இல் ஓர் ஆல்பம், 2023இலும் 2024இலும் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள். இப்போதைக்கு இவ்வளவு போதும். உங்களுக்கு வேண்டியது இதற்கு முந்தைய கதை.

ஆனி 1970இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். எஃகு ஆலைகள் மூடிக்கொண்டிருந்த, குளிரும் பனியுமான தொழில் நகரம் அது. சின்ன வயதிலேயே உள்ளூர் மதுக்கூடங்களில் கிட்டார் வாசிக்கத் தொடங்கியவர், 15 வயதில் சட்டப்படி பெற்றோர் பொறுப்பிலிருந்து விலகித் தனியாக வாழ ஆரம்பித்தார். 1990இல் முதல் ஆல்பம். அதற்காகவே தன் லேபிளையும் தொடங்கினார். கையில் பணமில்லை, ஆளில்லை. ஊர் ஊராகக் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பாடினார். பாடி முடித்ததும் வண்டியின் டிக்கியைத் திறந்து கேசட் விற்றார். அப்புறம் ஒரு இலவசத் தொலைபேசி எண் வாங்கினார்கள். அங்கே எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை அழுத்தலாம் அல்லவா? 1-800க்குப் பிறகு 'அவள் சொந்தக் காலில்' என்று பொருள் வரும் எழுத்துகளை ஆங்கிலத்தில் அழுத்தினால் கேசட் வீட்டுக்கு வந்துவிடும். அந்த எண்ணின் பெயரையே ஆவணப்படத்துக்கும் வைத்திருக்கிறார்கள்.

பெரிய கம்பெனிகள் தேடி வந்தன. போகவில்லை. அதே சமயம் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை. கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை வினியோகஸ்தர்களிடம் விட்டார். அட்டை, சுவரொட்டி, டி-சர்ட் எல்லாம் பஃபலோவிலேயே உள்ளூர் ஆட்களிடம் அச்சடித்தார். பதிவுகளின் உரிமையை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. மேடைக் கச்சேரிகளில் பதிவு செய்து 1997இல் வந்த அவருடைய இரட்டை ஆல்பத்துக்கு அமெரிக்காவில் 'கோல்ட்' தகுதி கிடைத்தது. பொதுவாக ஐந்து லட்சம் பிரதிகளுக்குத் தரும் தகுதி அது. அடுத்த வருட ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 22ஆம் இடத்தில் நுழைந்தது.

அந்தப் பணத்தை என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பஃபலோவில் இடிக்கப்பட இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று இருந்தது. அதை மீட்டுப் பழுதுபார்த்து, கச்சேரி அரங்கமாகவும் லேபிளின் அலுவலகமாகவும் ஆக்கினார்கள். ஒரு கலைக்கூடமும் அதற்குள் இருக்கிறது. மற்றவர்களின் ஆல்பங்களையும் வெளியிட்டார். ரயிலேறித் திரிந்து தொழிற்சங்கப் பாட்டுகள் பாடிய யூட்டா ஃபிலிப்ஸ் என்ற முதியவர், வயலின் வாசிக்கும் ஆண்ட்ரூ பேர்டு, அப்புறம் அனேயிஸ் மிட்சல். ஒரு பெண் தன் பாட்டைத் தன் பெயரில் வைத்துக்கொண்டதால் இத்தனை பேருக்கு இடம் கிடைத்தது.

ஆனால் தம்பி, இதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் சாலையில் இருந்தார். அவர் வாசிப்பது மெல்லிய வருடல் இல்லை. விரல்களில் செயற்கை நகங்களை டேப் சுற்றி ஒட்டிக்கொண்டு அடித்து வாசிப்பார். 2005இல் மணிக்கட்டு நோவு வந்து மாதக்கணக்கில் பயணத்தை நிறுத்த வேண்டியிருந்தது. சம்பாதிப்பதே கைதான் என்னும்போது கை நோவது எப்படிப்பட்ட பயம் என்று தறிக்கூடத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தவறு செய்தால் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. 2013 கடைசியில், பாட்டு எழுதும் முகாம் ஒன்றை லூசியானாவில் ஒரு பழைய பண்ணை மாளிகையில் நடத்துவதாக அறிவித்தார்கள். கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய இடம் அது. எதிர்ப்பு வெடித்தது, முகாம் ரத்தானது. அவர் வெளியிட்ட முதல் விளக்கம் மன்னிப்பாகவே இல்லை என்று இன்னும் கோபம் கிளம்பியது. சில நாளில் மறுபடி எழுதி, நேரடியாக மன்னிப்புக் கேட்டார். அவரை நேசித்தவர்கள்தான் அதிகம் காயப்பட்டார்கள், அந்தக் காயம் நியாயமானது. தன் பெயரில் வருமானம் வருவது போலவே பழியும் தன் பெயரில்தான் வரும்.

இன்னொன்று. 1997இல் மிஸ் என்ற பெண்ணியப் பத்திரிகை இவரைப் பாராட்டி எழுதியது. ஆனால் அவருக்கு வருத்தம். ஒரு சிடிக்கு எவ்வளவு சம்பாதிக்கிறார் என்ற கணக்குதான் முன்னால் நின்றது, பாட்டு பின்னால் போய்விட்டது. தன்னை வியாபாரியாக நினைவுகூர வேண்டாம், பாட்டுக்காரியாக நினைவுகூருங்கள் என்ற பொருளில் ஒரு திறந்த கடிதம் எழுதினார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. ஒப்பந்தம், தொகை, யூடியூப் பார்வைகள் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தறிப் பாட்டைப் பற்றி ஒரே ஒரு வரி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பாட்டுக்குள் தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒரு பக்கம். ஒலிப்பதிவு, அதாவது 'மாஸ்டர்', இன்னொரு பக்கம். பதிவைத் தன் முயற்சியிலும் பொறுப்பிலும் செய்தவர்தான் சட்டப்படி அதன் தயாரிப்பாளர். உங்கள் அறையில், உங்கள் செலவில் பதிவு செய்திருந்தால் அது நீங்கள்தான். அந்த உரிமை வெளியான வருடத்திலிருந்து 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும் உங்கள் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும். ஐந்து பாட்டுக்கு ஒரு தொகை என்று அவர்கள் கேட்பது இவ்வளவு காலத்தை.

2012இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பெரிய பாதுகாப்பு. உரிமையை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் தொகையில், சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. அந்த ராயல்டியை வசூலித்துத் தர ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. அதில் உறுப்பினராகிவிடுங்கள். இன்னொரு விஷயமும் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அவர்கள் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று எழுதியிருப்பது அதனால்தான். அந்த மூன்று சொற்கள் பழக்கத்தில் வந்து விழுந்தவை அல்ல.

என் முதல் சிறுகதைத் தொகுப்பை இப்படித்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பதினோரு வருடம் அது எந்தக் கடையிலும் இல்லை, கேட்டவர்களுக்குக் கொடுக்க என்னிடமும் இல்லை. மறுபதிப்புப் போட வேறொருவர் முன்வந்தபோது, என் கதைகளுக்கு நானே அனுமதி வாங்க அலைந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. அதனால் சொல்கிறேன், 'நிரந்தரமாக' என்று இருக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பாட்டுக்கு மட்டும், மூன்று வருடத்துக்கு, உரிமை உங்களிடமே இருக்க, வெளியிட மட்டும் அனுமதி என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் நல்லது. மறுத்தால், ஐந்தையும் நீங்களே ஸ்பாட்டிஃபையிலும் மற்ற தளங்களிலும் ஏற்ற முடியும். அதற்கான வினியோகச் சேவைகள் இருக்கின்றன, வருடத்துக்கு ஒரு சிறு கட்டணம்தான். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் ஒரு நோட்டு போட்டு வரவு செலவை எழுதி வைக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். அதிலும் அவசரமில்லை.

தறிப் பாட்டைத் தேடிக் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் கிட்டார் நின்றுவிட்டு வெறும் தறிச் சத்தம் மட்டும் வருகிறதே, அது அப்பாவின் கூடத்திலேயே பதிவு செய்ததா? அந்த இடத்தில் நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன். மற்ற நான்கையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா