பாட வாய்ப்புத் தேடுவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாதிரிப் பதிவை எத்தனையோ இசையமைப்பாளர்களுக்கு அனுப்பிவிட்டேன், ஒருவரும் பதில் தரவில்லை. என் குரலில்தான் குறையா?

பதில்: பதில் வராததை வைத்துக் குரலை எடைபோடாதீர்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் இசைக்குழுவை 1962-இல் பாடவைத்துப் பதிவு செய்து கேட்டுப் பார்த்த டெக்கா இசைத்தட்டு நிறுவனமே அவர்களை வேண்டாம் என்றது. நீங்கள் ஆராய வேண்டியது பதிவைத்தான். புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் பாட்டை அவரைப் போலவே பாடி அனுப்பினால், கேட்பவருக்கு அவர்தான் நினைவுக்கு வருவாரே தவிர நீங்கள் அல்ல. எதிரொலி சேர்த்து மெருகேற்றாமல், ஒற்றை வாத்தியத்துடன், முன்னிசையை நீட்டாமல் எடுத்த எடுப்பிலேயே குரல் கேட்கும்படி அனுப்புங்கள்.

கேள்வி: ட்ராக் பாட அழைக்கிறார்கள். வெளியாகும் பாடலில் என் குரல் இருக்காதாம். போகலாமா?

பதில்: தயங்காமல் போங்கள். பிறகு பாடவிருக்கும் பாடகருக்கு மெட்டு விளங்குவதற்காகப் பாடிவைப்பதுதான் ட்ராக் என்றாலும், காதில் தாளம் காட்டும் கிளிக் ஒலி ஓடிக்கொண்டிருக்க, சற்று முன் கேட்ட மெட்டை, எழுதிய மை காயாத வரிகளில், அவர்கள் கேட்கும் உணர்ச்சிக்கேற்ப மாற்றி மாற்றிப் பாடிக் கொடுக்கும் பழக்கம் வேறெங்கும் எளிதில் வாய்க்காது. மேடையில் கைத்தட்டல் வாங்கிய பலர் ஒலிப்பதிவுக் கூடத்தின் மௌனத்தில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். சில வேளைகளில் ட்ராக் குரலே பாடலில் நிலைத்துவிடுவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் உங்கள் பெயர் இடம்பெறுமா, கூடுதல் ஊதியம் என்ன என்பதைப் பாடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால் உறவும் கெடும், பணமும் வராது.

கேள்வி: வாய்ப்பு வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். முகவர் என்பவர் உங்கள் வருமானத்தில் பங்கு பெறுபவர். உங்களையே வருமானமாக்கிக்கொள்பவர் முகவர் அல்லர்.

கேள்வி: ஒரு நிறுவனம் பெருந்தொகை முன்பணம் தந்து ஒப்பந்தம் செய்யச் சொல்கிறது. உடனே கையெழுத்திடலாமா?

பதில்: அந்தத் தொகை அன்பளிப்பு அன்று, பெரும்பாலும் உங்கள் ராயல்டியிலிருந்து, அதாவது பாடல் ஈட்டும் வருவாயில் உங்களுக்குச் சேரும் பங்கிலிருந்து, கழிக்கப்பட்டு, கணக்கு நேரான பிறகே உங்களுக்குப் பணம் வரத் தொடங்கும். ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உள்ளதா, பிறருக்குப் பாடத் தடை உண்டா என்ற இரண்டையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டித் தெளிந்தபின் முடிவெடுங்கள்.

கேள்வி: கிடைத்த நிகழ்ச்சிகளையெல்லாம் ஒப்புக்கொண்டேன். ஒரு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது.

பதில்: இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குரல்நாண்களில் முடிச்சு விழுந்திருந்தாலும், தொடக்கத்திலேயே கவனித்தால் ஓய்வும் முறையான குரல் பயிற்சியுமே பெரும்பாலும் போதும். அதுவரை கிசுகிசுப்பாகவும் பேச வேண்டாம். அதுவும் தொண்டைக்குச் சிரமமே.