எங்கள் தெருவில் கறுப்பு அணில், பழுப்பு அணில், சின்னச் சிவப்பு அணில், ஒருநாள் வெள்ளை அணிலும் கண்டேன். இவை வேறு வேறு இனமா?

நீங்கள் கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வெள்ளையைத் தவிர மற்றதெல்லாம் இங்கே தினமும் காணலாம். கறுப்பு, பழுப்பு, வெள்ளை எல்லாம் ஒரே இனம்தான், பெயர் கிழக்குச் சாம்பல் அணில். கரிக்கட்டை மாதிரி இருந்தாலும் அது சாம்பல் அணில்தான். கறுப்பு மாட்டுக்கு வெள்ளையம்மா என்று பெயர் வைத்தது போல.

என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தபோது குசினி ஜன்னலில் நின்று முதலில் கேட்டது, "தம்பி, இதென்ன, முதுகிலை கோட்டைக் காணேல்லை?" சாம்பல் நிறத்தையே அவர் அணில் என்று ஒத்துக்கொள்ளவில்லை. கறுப்பைக் கண்டதும் கீரிப்பிள்ளை என்று முடிவே கட்டிவிட்டார். பிறகு ஒருநாள் வேலியோரம் சிப்மங்க் என்ற அணில் குடும்பத்துச் சின்னப் பிராணி ஒன்று இரண்டு கன்னமும் உப்ப ஓடியது. "இந்தா, இதுதான் அணில்!" முதுகில் கோடு இருந்ததே, அது போதும் அவருக்கு. உண்மையில் அது நிலத்தில் வளை தோண்டி வாழ்வது, குளிர்காலத்தில் வெளியே அதிகம் தலைகாட்டாது.

சரி, நிறத்துக்கு வருவோம். மயிரின் நிறத்தோடு தொடர்புள்ள எம்சி1ஆர் என்ற மரபணுவில் 24 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் இந்த அணில்களிடையே சுற்றுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால் குட்டி கன்னங்கரேல். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கறுப்போடு பழுப்பு கலந்திருக்கும், வயிற்றுப் பக்கம் பார்த்தால் தெரியும். வராவிட்டால் சாம்பல். எங்கள் பின்வளவு மேப்பிள் மரத்துக் கூட்டிலிருந்து ஒரு மே மாதம் நான்கு குட்டிகள் எட்டிப்பார்த்தன. தாய் பழுப்புக் கறுப்பு. குட்டிகளில் ஒன்று சாம்பல், இரண்டு தாயைப் போல, கடைசி தார் பூசியது மாதிரி. நான்கும் சேர்ந்து என் தக்காளியை ஒரு கடி கடித்துவிட்டு எறிந்ததில் மட்டும் நிற வேறுபாடு இருக்கவில்லை.

கறுப்பு ஏன் இங்கே இவ்வளவு? குளிர் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மறை (மைனஸ்) 10 பாகை செல்சியஸுக்குக் கீழே கறுப்பு அணில் சாம்பலைவிட 18 சதவீதம் குறைவாகவே உடல் வெப்பத்தை இழப்பதாக அளந்திருக்கிறார்கள். தெற்கே போகப் போகக் கறுப்பு குறையும். வாஷிங்டனில் இன்று ஓடும் கறுப்பு அணில்கள் 1902-இலும் 1906-இலும் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலிருந்து கொண்டுபோய் அங்குள்ள மிருகக்காட்சிச்சாலையில் விட்டவற்றின் வழிவந்தவை. ஒஹாயோவின் கென்ட் நகரத்துக்கும் 1961-இல் இங்கிருந்துதான் போயின. நாங்கள் விசாவுக்கு அலைகிறோம், அணில் எப்போதோ போய்விட்டது.

எனக்கு உண்மையிலேயே அபூர்வமாகப் பட்டது உடல் கறுப்பும் வால் செம்பட்டையுமாக இருந்த ஒன்று. வெயிலில் அந்த வால் செப்புக் கம்பி மாதிரி மின்னும். இரண்டு குளிர்காலம் எங்கள் கராஜ் கூரையில் திரிந்தது, அப்புறம் காணவில்லை.

நீங்கள் 'சின்னச் சிவப்பு அணில்' என்று எழுதியிருப்பது மட்டும் வேறு இனமாக இருக்கலாம். அளவில் சிறிது, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மரத்திலிருந்து கடகடவென்று ஏசும் என்றால் அது அமெரிக்கச் செவ்வணில். குணத்தில் சண்டைக்காரி.

வெள்ளைக்குக் கண்ணைப் பாருங்கள். கண் இளஞ்சிவப்பாக இருந்தால் அல்பினோ, நிறமியே இல்லாதது. கண் கறுப்பாக இருந்தால் உடல் மயிரில் மட்டும் நிறம் இல்லாதது. ஒன்ராறியோவின் எக்ஸிற்றர் ஊரில் இந்தக் கறுங்கண் வெள்ளைகள் பேர்போனவை. ரொறன்ரோ நகருக்குள் டிரினிட்டி பெல்வுட்ஸ் பூங்காவில் வெள்ளை அணில் உண்டு. பக்கத்துச் சந்து ஒன்றுக்கு 'வெள்ளை அணில் வழி' என்றே பெயர். நான் மூன்று தடவை போயும் காணவில்லை. உங்களுக்கு வீட்டு வாசலிலேயே காட்சி கொடுத்திருக்கிறது. அடுத்த முறை வந்தால் ஃபோனைப் பெரிதாக்கிக் கண்ணை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், எனக்கும் பார்க்க ஆசை.