சிவப்பு மை படாத நோட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நெல்லிக்குப்பம் அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக இடைநிலை ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளையும் அலுவலக வேலைகளையும் பார்ப்பதால் முதல் மூன்று வகுப்புகளும் என் பொறுப்பு. மூன்றாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு எழுத்துகள் தெரிகின்றன. ஆனால் சொல்லாகக் கூட்டிப் படிக்க வரவில்லை. அவர்களில் ஒரு பையன் ‘பட்டம்’ என்பதை “ப, இட், ட, இம்” என்று பிழையில்லாமல் சொல்லிவிட்டு, அது என்ன சொல் என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கைகளும், அலங்கரித்த வகுப்பறைகளின் படங்களும்தான் வருகின்றன. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் குறுவள மையக் கூட்டத்தில், பயிற்சி நடத்தும் கருத்தாளருக்குக் கட்டகத்தை, அதாவது வகுத்துத் தந்த பாடப்பகுதியை, முடிக்கவே நேரம் சரியாக இருக்கிறது. அங்கே எழுந்து என் பிள்ளைகள் நால்வருக்கு வாசிக்க வரவில்லை என்று சொன்னால் என்னைக் குறைவாக நினைப்பார்களோ என்ற தயக்கமும் எனக்கு உண்டு. பக்கத்துப் பள்ளிகளைச் சேர்ந்த நான்கு பேரும் நானும் மாதம் ஒருமுறை கூடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஐந்து பேர் கூடி என்ன ஆகிவிடும்? தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பிக்க அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கும்போது இது தேவைதானா?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

கூடுங்கள். ஐந்து பேர் தாராளமாகப் போதும். இருபது பேர் ஆகிவிட்டால் யாராவது ஒருவர் மேடைப் பேச்சைத் தொடங்கிவிடுவார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

உங்கள் தயக்கத்தை உங்கள் தனிப்பட்ட குறையாக எண்ண வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் பள்ளியில், காலையில் கண்ட ஒரு சிக்கலை மதிய உணவு வேளையில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு கிடையாது. அந்த ஒருவரும் பெரும்பாலும் பதிவேட்டிலோ கைப்பேசிச் செயலியிலோ மூழ்கியிருப்பார். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியருக்குக் கிடைக்கும் சக தமிழாசிரியர், எழுத்தறிவிக்கும் வேலையைச் செய்யும் உங்களுக்குக் கிடைப்பதில்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினமான ஆசிரியப் பணி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதைத் தனியாகச் செய்யும்படி ஒருவரை விடுவது பெரிய அநீதி என்றே இன்றும் நினைக்கிறேன்.

திட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எண்ணும் எழுத்தும் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. ஒரே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே படியில் இல்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக்கொண்டதே அதன் வலிமை. ஆனால் ஒரு பிள்ளை அரும்பிலேயே ஏன் நிற்கிறது என்பதை எந்தக் கட்டகமும் சொல்லிவிட முடியாது. அதை அந்தப் பிள்ளையின் நோட்டில்தான் பார்க்க வேண்டும், ஒருவர் பார்ப்பதைவிட ஐந்து பேர் சேர்ந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நீங்கள் கூடுவது திட்டத்துக்குப் போட்டியாகாது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளித் திண்ணையில், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நாங்கள் ஐந்து பேர் உட்காருவோம். முதல் இரண்டு கூட்டங்கள் வீணாயின. ஆளுக்கொரு கற்பித்தல் துணைக்கருவியைக் கொண்டுவந்து காட்டினோம், பாராட்டிக்கொண்டோம், கலைந்தோம். மூன்றாவது கூட்டத்துக்கு ஓர் ஆசிரியை, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் ‘சொல்வதை எழுதுதல்’ நோட்டைக் கொண்டுவந்தார். ‘தெரு’ என்று எழுத வேண்டிய இடத்தில் அந்தச் சிறுமி முதலில் ‘த’ எழுதி, அதன் வலப்பக்கம் ஒற்றைக்கொம்பு போட்டு, பிறகு ‘ரு’ எழுதியிருந்தாள். ‘தேர்’, ‘கெண்டை’ எல்லாமே அப்படித்தான். பக்கம் முழுவதும் சிவப்பு மைச் சுழி. “எத்தனை முறை திருத்தினாலும் திரும்பத் திரும்ப இதையே எழுதுகிறாள்” என்று அவர் வருத்தப்பட்டார். என் வகுப்பிலும் உண்டு, என் வகுப்பிலும் உண்டு என்று மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

அப்போது தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஆசிரியர், அந்தச் சொல்லை மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, காதுக்கு முதலில் எது கேட்கிறது என்று எங்களைக் கேட்டார். முதலில் ‘த்’, அதன் பின்புதான் ‘எ’. காது கேட்ட வரிசையிலேயே அவள் கை எழுதியிருக்கிறது. தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும் பின்னால் ஒலித்தாலும் முன்னால் எழுதப்படுகின்றன. ‘கொ’வில் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்கின்றன. இதை அந்தச் சிறுமிக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அத்தனை நாள் நாங்கள் கவனக்குறைவு என்று சுழித்தது, உண்மையில் அவள் நன்றாகக் கவனித்துக் கேட்டதன் அடையாளம். அந்த மாலையில் அந்த ஆசிரியை அழுதேவிட்டார்.

அடுத்த மாதம்வரை ஐந்து பேரும் ஒரே வழியைச் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம்: கொம்பைத் தனி அட்டையில் எழுதிப் பிள்ளையின் இடக்கையில் கொடுத்து, “ஒலி பின்னால் வரும், இது முன்னால் நிற்கும்” என்று சொல்லி அட்டையை வைத்த பிறகே எழுத விடுவது. நான்கு பள்ளிகளில் நன்றாகத் தெளிந்தது. என் பள்ளியில் தெளியவில்லை. என் பிள்ளைகளின் நோட்டுகளை மற்ற நால்வரும் புரட்டிப் பார்த்துவிட்டு, அவர்களுக்கு த, க, ப போன்ற அகர எழுத்துகளே இன்னும் உறுதிப்படவில்லை, அதற்குள் கொம்புக்குப் போய்விட்டீர்கள் என்று சொன்னார்கள். எனக்கு நானே அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அலங்கரித்த வகுப்பறையின் படத்தைப் பார்த்தும் யாரும் எனக்கு அதைச் சொல்லியிருக்க முடியாது.

அதன் பிறகு கூட்டம் தானாக வளர்ந்தது. உகர வரிசையை எடுத்துக்கொண்டோம். பதினெட்டு எழுத்துகளையும் தரையில் எழுதிப் பார்த்தபோது, கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை கீழே வளைவதும், ஙு, சு, பு, யு, வு ஆகியவை கீழே நேராக இறங்குவதும், ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவை வலப்பக்கம் சுழித்து எழுவதும் மூன்று குடும்பங்களாகத் தெரிந்தன. அகரவரிசைப்படி கற்பித்தால் இந்த உறவு பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாமலே போகிறது. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் தினமும் பார்க்கும் ‘கரும்பு’ என்ற சொல்லிலேயே ரு ஒரு குடும்பம், பு இன்னொரு குடும்பம். கடற்கரைப் பள்ளிக்குச் சொற்பட்டியல் வலை, படகு, நெத்திலி என்று போனது. பண்ருட்டிப் பக்கத்துக்குப் பலா, சுளை, முந்திரி. ‘மழை’யை ‘மய’ என்று சொல்லும் பிள்ளையின் பேச்சைக் கேலி செய்யாமல் எழுத்தை மட்டும் நேராக்குவது எப்படி என்று ஒரு முழு மாலை பேசியிருக்கிறோம்.

அந்தக் குழு இரண்டு ஆண்டுகளில் நின்றுபோனது. எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட ஓர் அலுவலர், நல்லெண்ணத்தோடுதான், மாதாந்திர அறிக்கையும் ஒளிப்படமும் கேட்டார். அறிக்கை என்றதும் எங்கள் கை தானாகவே நல்ல நோட்டுகளைத் தேடியது. பிழை நோட்டுகள் வருவது நின்றது, பிறகு நாங்களும் வருவதை நிறுத்திக்கொண்டோம். ஆகவே உங்கள் கூட்டத்துக்குத் தலைவர் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம், முதல் ஓராண்டு ஒளிப்படமும் வேண்டாம். என்ன செய்து பார்த்தோம், என்ன ஆயிற்று என்று தேதி போட்டு எழுத ஒரே ஒரு நோட்டு இருக்கட்டும். கொண்டுவரும் பிள்ளையின் நோட்டில் பெயர் மறைந்திருக்கட்டும், சிவப்பு மை படாத பக்கமாக இருக்கட்டும். ஐவரும் வீடு திரும்பும் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பள்ளியாகப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் காத்திருக்கும் ஆசிரியைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வைப்பது கொடுமை.

இன்னொன்று. பெண்ணையாற்றுக்கு அக்கரையில் பாகூர் இருக்கிறது. அது புதுச்சேரி என்பதால் துறை வேறு, பயிற்சி வேறு. இரு பக்கத்து ஆசிரியர்களும் ஓர் அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ‘மய’ என்று சொல்லும் பிள்ளை இரண்டு கரையிலும் இருக்கிறது. அந்தப் பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் 9ஆம் நூற்றாண்டில் மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. கற்றவர்கள் ஓரிடத்தில் கூடியிருக்க மூன்று ஊர்களைக் கொடுத்த மண் அது. அங்கிருந்து ஒருவரையாவது அழையுங்கள்.

இனி அந்தப் பையன். அவன் செய்வதில் பிழை இல்லை. நாம்தான் ட் என்ற எழுத்துக்கு ‘இட்’ என்றும் ம் என்ற எழுத்துக்கு ‘இம்’ என்றும் பெயர் சொல்லிக் கொடுத்தோம். “ப, இட், ட, இம்” என்பதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘பட்டம்’ வராது. நடுவில் இரண்டு இகரம் குறுக்கே நிற்கிறது. மெய்யெழுத்தைத் தனியே சொல்ல விடாமல், அதற்கு முன் நிற்கும் எழுத்தோடு சேர்த்துப் ‘பட்’ ஓர் அட்டை, ‘டம்’ ஓர் அட்டை என்று அசையாக வைத்துப் பாருங்கள். பிறகு ‘கட்’டை ‘டம்’மோடு சேர்க்கச் சொல்லுங்கள். இது எல்லாப் பிள்ளைக்கும் பலிக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் செய்துவிட்டு, அவன் எழுதிய பக்கத்தை எடுத்துக்கொண்டு முதல் கூட்டத்துக்குப் போங்கள். மற்ற நால்வரும் அதில் என்ன பார்த்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.