ஒரு பாத்ரூம், இரண்டு பேர்: வாசகர் கேள்விகள்

இருவரும் காலை 8 மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறோம். 8-க்கு 5 அடி பாத்ரூமில் இரண்டு வாஷ்பேசின் வைக்கலாமா? (வாசகி, ஈரோடு)

வேண்டாம். இரண்டு பேசினுக்கு மேடையே 5 அடி நீளம் கேட்கும். அப்புறம் கிளாசெட்டும் ஷவரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஹோட்டல் அறைப் படத்தைக் காட்டி இதைக் கேட்காத ஜோடியே இப்போது இல்லை. காலையில் உங்கள் வீட்டில் நெரிசல் எங்கே என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் மற்றவர் பல் தேய்க்கக்கூட வெளியே காத்திருக்க வேண்டும். உள்ளே இரண்டு பேசின் இருந்தாலும் நான்கு இருந்தாலும் அதுதான் நிலைமை.

ஒரே பேசின் வையுங்கள், அதையும் கதவுக்கு வெளியே வையுங்கள். பாத்ரூம் சுவரின் மறுபக்கம் 2 அடி இடம் போதும். தண்ணீர் குழாயும் வேஸ்ட் லைனும் அதே சுவர் வழியாக உள்ளே சேர்ந்துவிடும், பெரிய செலவில்லை. என் வீட்டில் பேசின் உள்ளேதான் இருந்தது. பத்து வருடம் நான் சமையலறை சிங்க்கில் ஷேவ் செய்தேன். பக்கத்திலேயே என் மனைவி அரிசி களைந்துகொண்டிருப்பார். தினமும் மனத்தாங்கல். பேசினை வெளியே மாற்றிய வாரமே அது தீர்ந்தது. நம் பழைய வீடுகளில் குளிக்கும் அறை வேறு, கழிப்பறை வேறு. வசதி தெரிந்து பிரித்தார்கள், நாம்தான் எல்லாவற்றையும் ஒரே கதவுக்குள் அடைத்துவிட்டோம். இடம் இருக்கிறவர்கள் இன்றும் அப்படியே பிரித்துக் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

கணவர் 6 அடி, நான் 5 அடி. பேசின் என்ன உயரம்? (வாசகி, தஞ்சாவூர்)

பேசினின் விளிம்பு தரையிலிருந்து 32 அங்குலம். டேபிள் டாப் பேசின் என்றால் கிண்ணமே 5, 6 அங்குலம் எழும்பி நிற்கும், அதனால் அதைத் தாங்கும் மேடைக் கல்லை 26, 27 அங்குலத்தில் போடச் சொல்லுங்கள். மேஸ்திரி வழக்கம்போல 32-ல் கல்லைப் போட்டுவிடுவார். அப்புறம் நீங்கள் முகம் கழுவும்போதெல்லாம் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து ரவிக்கைக் கை நனையும். ஷவருக்கு ஏற்றி இறக்கும் கம்பியோடு வருகிற ஹேண்ட் ஷவர் வாங்குங்கள்.

கீசர் 15 லிட்டரா, 25 லிட்டரா? (வாசகர், சேலம்)

இருவர் அடுத்தடுத்துக் குளிப்பதானால் 25. அதற்குத் தனி 16 ஆம்பியர் லைன், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஆர்சிசிபி இல்லாமல் கீசர் மாட்டாதீர்கள்.

எங்கள் பாத்ரூமுக்கு நல்ல பிளான் ஒன்று கொடுங்கள். (ஊர்கூட எழுதவில்லை)

நீளம் இல்லை, அகலம் இல்லை, கதவும் ஜன்னலும் எந்தச் சுவரில் என்றும் இல்லை. டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். அளவு இல்லாமல் நான் எதைச் சொன்னாலும் உங்கள் பணம்தான் வீணாகும்.

மாடி வீட்டில் ரெயின் ஷவர் சொட்டுகிறது. (வாசகர், மதுரை)

டேங்க் ஷவருக்கு 10 அடி மேலே இருந்தாலும் அழுத்தம் 0.3 பார்தான், ரெயின் ஷவருக்கு அது போதாது. மாடியில் அந்த 10 அடியும் இருக்காது. பிரஷர் பம்ப் வையுங்கள், இல்லையென்றால் சாதாரண ஷவருக்கு மாறுங்கள்.

எனக்கு 68, மனைவிக்கு 64. பாத்ரூமைப் புதுப்பிக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், திருநெல்வேலி)

முதலில் கதவு. வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவை, உள்ளே விழுந்தவரின் உடம்பே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கிற வகையாக இருக்கட்டும். கிளாசெட் பக்கத்திலும் ஷவர் பக்கத்திலும் சுமார் 34 அங்குல உயரத்தில் கைப்பிடிக் கம்பி வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன்பே அதற்கு இடம் குறித்துவிடுங்கள். தரைக்கு ஒன்றுக்கு ஒன்று அடி ஆன்டி ஸ்கிட் டைல்ஸ் போதும். பெரிய டைல்ஸில் வாட்டம் சரியாக வராது. பழைய தரையை உடைப்பதால் வாட்டர்ப்ரூஃபிங் புதிதாகத்தான் செய்ய வேண்டும். தண்ணீர் கட்டிப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள்.

டைல்ஸ் வந்து இறங்கிவிட்டது. தண்ணீர் கட்டிப் பார்க்கத் தேவையில்லை என்கிறார் மேஸ்திரி. (வாசகி, கோயம்புத்தூர்)

தேவை. தரையில் தண்ணீர் வெளியேறும் டிராப்பை அடைத்து 2 அங்குலத் தண்ணீர் கட்டி மூன்று நாள் விடுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவையுங்கள். மட்டம் இறங்குகிறதா, கீழ்வீட்டு சீலிங்கில் கசிகிறதா என்று தினமும் போய்ப் பாருங்கள். மூன்று நாளில் டைல்ஸ் கெட்டுப்போகாது.