"நான் நானாகவே இல்லை": மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் எழும் கேள்விகள்

மகளிர் நோய்ப் பிரிவில் 26 வருடம் செவிலியராக இருந்தவள் நான். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய கட்டமான பெரிமெனோபாஸ் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளில் உடம்புச் சூட்டைப் பற்றியவை கொஞ்சம்தான். "எனக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை" என்றுதான் நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள்.

அக்கா, எனக்கு 46 வயது, கணக்கு டீச்சர். போன வாரம் போர்டில் முக்கோணம் வரைந்துவிட்டு 'கர்ணம்' என்ற சொல் வராமல் நின்றேன். பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்குக் கடைசியில் மறதி நோய். எனக்கும் தொடங்கிவிட்டதா?

அந்தச் சாக்பீஸைப் பிடித்தபடி நீங்கள் நின்ற நிமிடம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் அம்மா. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்கு மட்டுமான ஹார்மோன் இல்லை, மூளையிலும் அதற்கு வேலை உண்டு. அமெரிக்காவில் 1996 முதல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நடுவயதுப் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய கட்டத்தில் புதிதாகக் கற்பது சற்று மந்தப்பட்டது. நின்ற பிறகு பழையபடி திரும்பியது.

கர்ணம் என்ற சொல் அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது தானாக வந்திருக்குமே? மறதி நோயில் அப்படி இருக்காது. தினமும் போகும் வழி குழம்பும், அடுப்பை எப்படிப் பற்ற வைப்பது என்பதே மறந்துபோகும். அந்த மாதிரி ஏதாவது இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். இவை குறைந்தாலும் மறதி, அசதி எல்லாம் வரும். அப்புறம், ராத்திரி மூன்று மணிக்கு வேர்த்து விழித்து, விடியும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் யாருக்குத்தான் சொல் வரும்? தூக்கத்தைச் சரிசெய்யக் கேளுங்கள்.

வயது 43. அனுசரித்துப் போகிறவள் என்று எனக்குப் பெயர். போன மாதம் தோசை தீய்ந்ததற்குக் கரண்டியை வீசிவிட்டேன். மகன் மிரண்டுபோனான். பழைய நான் நிஜமா, இவள் நிஜமா?

இந்த வயதில் கருமுட்டை சில மாதம் வெளிவராது. அந்த மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறையும். அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள்தான் மூளையை அமைதிப்படுத்துகிறது. ஈஸ்ட்ரோஜனோ ஒரேயடியாக இறங்காமல் ஏறி ஏறி இறங்கும். கரண்டி பறந்ததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் எல்லாக் கோபத்தையும் ஹார்மோன் கணக்கில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். மற்றவர்களுக்குச் சூடாகச் சுட்டுப் போட்டுவிட்டுக் கடைசித் தோசையை ஆறிப்போய்த் தின்பது யார்? காலண்டரில் மாதவிடாய், தூக்கம், கோபம் மூன்றையும் இரண்டு மூன்று மாதம் குறித்து வாருங்கள். நன்றாகத் தூங்கி எழுந்து மனசு தெளிவாக இருக்கும் நாளிலும் எது உறுத்துகிறதோ, அது உங்கள் நிஜமான குறை. அதை அந்த நாளிலேயே நிதானமாகச் சொல்லுங்கள். "அவளுக்கு அந்த வயசு" என்று வீட்டில் ஒதுக்க விடாதீர்கள். மகனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், அது தனி விஷயம்.

39 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பெண்ணாகவே உணர முடியவில்லை.

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று அதில் இருக்கும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் ஹார்மோன் ஒரே நாளில் அறுந்துபோயிருக்கிறது; உங்கள் தவிப்புக்கு உடம்பில் காரணம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லையென்றால், இந்த வயதில் எலும்புக்கும் இதயத்துக்கும் சேர்த்தே ஹார்மோன் சிகிச்சை தருவது வழக்கம். கேட்டுப் பெறுங்கள்.

அக்கா, என் மனைவிக்கு 47. கோயில், கல்யாணம் எதற்கும் வர மறுக்கிறாள். பேச்சும் குறைந்துவிட்டது.

தம்பி, அவர் கடைசியாக வெளிர் நிறச் சேலை கட்டியது எப்போது? எந்த நேரம் எவ்வளவு படும் என்று தெரியாத பயத்தில் பந்தியில் உட்காரவே கூசியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதிக இரத்தப்போக்கு என்றால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். கூடப் போங்கள். எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன பயன் என்கிற பேச்சு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வயது 45, குழந்தை இல்லை. மூன்று மாதமாக வரவில்லை. பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். அழுவது அசட்டுத்தனமா?

இல்லை அம்மா. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வருவது சாதாரணம். ஒரு கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், இந்தக் கட்டத்திலும் கரு தங்கலாம். இதைச் சொல்லி உங்களுக்கு ஆசை காட்டவில்லை. ஒவ்வொரு மாதமும் மனசுக்குள் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தீர்கள், அது சாத்தப்படுகிறது. யாராவது இறந்தால் துக்கம் கேட்க வருவார்கள். இதற்கு யாரும் வருவதில்லை. நான் கேட்கிறேன், விருப்பமிருந்தால் எழுதுங்கள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் யோசித்து வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.