சின்ன எக்ஸ்டென்ஷனில் டொமைன் வாங்கலாமா? கேள்வி-பதில்

கேள்வி: முதல் ஆண்டுக்கு 2 டாலர் என்று ஆஃபர் வந்ததால், அதிகம் பரவாத புதிய எக்ஸ்டென்ஷன் (டாட் காம் போல, தளப் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) ஒன்றில் 30 பெயர்களைப் பதிவு செய்துவிட்டேன். இரண்டு வருடம் வைத்திருந்து நல்ல விலைக்கு விற்கலாம் என்று எண்ணம். சரிதானா?

2 டாலரைப் பார்த்தீர்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்கக் கட்டும் ரினிவல் விலையைப் பார்த்தீர்களா? பணம் கட்டிய பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். தள்ளுபடி விலை பெரிதாக, தடித்த எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்கிற அளவில், 'அடுத்த ஆண்டு முதல்' என்று இன்னொரு எண் இருக்கும். அது 35 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இந்த வருடச் செலவு 60 டாலர். அடுத்த வருடம் 1,050 டாலர். ஒரு பெயர்கூட விற்காவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும். நானும் ஒருமுறை இப்படி 12 பெயர்களைப் பிடித்து வைத்து, மூன்றாம் ஆண்டில் 11 பெயர்களைக் கைவிட்டேன்.

'டொமைன் வாங்கினேன்' என்று சொல்கிறோமே தவிர, நாம் கட்டுவது வாடகை. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குக் கட்டலாம், அவ்வளவுதான். அந்த வாடகையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்கு விற்பவர் ரெஜிஸ்ட்ரார். அந்த எக்ஸ்டென்ஷனையே நடத்துபவர் ரெஜிஸ்ட்ரி. டாட் காமை நடத்தும் வெரிசைன் நிறுவனம் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் வரம்பு இருக்கிறது. 2024 செப்டம்பரில், ரெஜிஸ்ட்ராரிடம் அது வாங்கும் மொத்த விற்பனை விலை பெயருக்கு ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு 2012இல் விண்ணப்பம் வாங்கி, 2013 இறுதியிலிருந்து அனுமதித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு அந்த வரம்பு கிடையாது. 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற ரெஜிஸ்ட்ரி தன் எக்ஸ்டென்ஷன்கள் சிலவற்றின் விலையைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றப்போவதாக அறிவித்தபோது, நூற்றுக்கணக்கில் பெயர் வைத்திருந்தவர்கள் ஆடிப்போனார்கள்.

ஒரே ஒரு பாதுகாப்பு உண்டு. ரினிவல் விலையை ஏற்றுவதற்கு 180 நாட்கள் முன்பே ரெஜிஸ்ட்ரி ரெஜிஸ்ட்ரார்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குள் பழைய விலையிலேயே 10 ஆண்டுகள் வரை புதுப்பிக்க இடம் தர வேண்டும். ஆகவே ரெஜிஸ்ட்ராரிடமிருந்து வரும் மெயில்களை விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள்.

அப்புறம், வாங்க ஆள் இருக்கிறார்களா? தேடுபொறியில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் அந்த எக்ஸ்டென்ஷனைப் போட்டுத் தேடுங்கள். வந்த முடிவுகளில் முதல் ஐம்பதையாவது திறந்து பாருங்கள். கடை, மருத்துவர், மென்பொருள் நிறுவனம் என்று உயிருள்ள தளங்கள் இருந்தால் நல்லது. பெரும்பாலும் 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்ற பலகையே தொங்கினால், உங்களைப் போன்றவர்களேதான் அங்கே கூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டாட் மோபி கதை இதற்கு நல்ல பாடம். செல்போனுக்கென்றே வந்த எக்ஸ்டென்ஷன் அது. 2006இல் 'ஃபிளவர்ஸ் டாட் மோபி' ஏலத்தில் 2 லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த ஆண்டே ஐபோன் வந்தது. சாதாரணத் தளங்களே போனில் ஒழுங்காகத் தெரியத் தொடங்கின. செல்போனுக்குத் தனி முகவரி எதற்கு என்று ஆகிவிட்டது. சில ஆண்டுகளில் அதே பெயர் 6,500 டாலருக்குத்தான் கைமாறியது. பூ வியாபாரம் எங்கும் போகவில்லை. அந்த எக்ஸ்டென்ஷனின் தேவைதான் போய்விட்டது.

உங்கள் முப்பதில் புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்கள் சேர்ந்து ஒரே தொடராக ஒலிக்கிற பெயர்கள் எத்தனை? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று தேறும். அவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு, தானாகப் பணம் பிடித்துப் புதுப்பிக்கும் ஆட்டோ-ரினிவலை இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் விரும்பும் பெயருக்கு 'பிரீமியம்' என்று போட்டு 400 டாலர் கேட்கிறார்கள். இது ஒரு தடவைச் செலவா?

பல எக்ஸ்டென்ஷன்களில் வருடா வருடம் 400. முதலிலேயே அதற்கு ஒப்புக்கொண்டுதான் பதிவு செய்கிறீர்கள், பிறகு கேள்வி கேட்க முடியாது. இன்னொருவரிடமிருந்து வாங்கினாலும், அந்தப் பெயர் ரெஜிஸ்ட்ரி கூடுதல் விலை வைத்திருக்கும் பிரீமியம் பட்டியலில் இருந்தால் அதே வாடகை உங்கள் தலையில் விழும். பணம் கட்டும் முன் ரினிவல் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திருமணங்களுக்கென வந்த டாட் வெட் எக்ஸ்டென்ஷனில் முதல் இரண்டு ஆண்டு மலிவு, அதற்குப் பிறகு 30,000 டாலர் என்றே வைத்திருந்தார்கள். பழைய ஜோடி விட்டுப்போனால் புது ஜோடிக்குப் பெயர் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்த ரெஜிஸ்ட்ரி 2017இல் நின்றுபோய், அவசரகால நிர்வாகத்துக்குப் போனது.

கேள்வி: டாட் ஏஐ, டாட் ஐஓ, டாட் டிவி எல்லாம் நல்ல விலைக்குப் போகிறதே. அவற்றில் முதலீடு செய்யலாமா?

இரண்டெழுத்து எக்ஸ்டென்ஷன் எல்லாமே ஏதோ ஒரு நாட்டுக்கோ பகுதிக்கோ உரியது. டாட் ஏஐ கரீபியன் தீவான அங்குவிலாவுடையது, டாட் டிவி பசிபிக் தீவு நாடான துவாலுவுடையது. அங்குவிலாவுக்கு 2023இல் அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டெழுத்திலிருந்து வந்தது. அப்படி வருமானம் தருவதை அவர்கள் பொறுப்பாகவே நடத்துவார்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் விதி அவர்கள் கையில். ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப்-இல் இருந்த ஒரு சமூக ஊடகத் தளம் 2024இல் முடக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பிறகு, பிரிட்டனில் முகவரி வைத்திருந்தவர்களின் டாட் ஈயூ பெயர்கள் 2021 ஜனவரியில் நிறுத்தப்பட்டன. யுகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010இல் அடியோடு நீக்கப்பட்டது. டாட் ஐஓ-வுக்கு உரிய சாகோஸ் தீவுகளை பிரிட்டன் மொரீஷியஸிடம் ஒப்படைக்க 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாளைக்கே பெயர் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், இப்படியான நீக்கத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் முழுச் சேமிப்பையும் கொண்டுபோய்ப் போடுகிற இடமாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: பிரபல பிராண்டின் பெயர் ஒரு புது எக்ஸ்டென்ஷனில் காலியாக இருக்கிறது. எடுத்து வைக்கலாமா?

வேண்டாம். 1999 முதல் இதற்கென்று யூடிஆர்பி என்ற விதிமுறை இருக்கிறது. பிராண்டுக்காரர் புகார் செய்தால், பெயரைப் பறித்து அவரிடமே கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: பெயரைச் சும்மா வைத்திருக்காமல் தளமாக வளர்த்தால் மதிப்பு கூடுமா?

கூடும். சின்ன எக்ஸ்டென்ஷனில் நான் மனதார ஆதரிக்கும் ஒரே வழி அதுதான். வாங்க வருபவர் வெறும் பெயரைப் பார்த்தால் 'டாட் காம் கிடைக்கவில்லையா?' என்று கேட்பார். அதே பெயரில் தினமும் ஆட்கள் வந்து படிக்கிற தளம் இருந்தால், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்பார். பேச்சே மாறிவிடும்.

எக்ஸ்டென்ஷனில் உள்ள சொல்லுக்காகத் தேடலில் முன்னுரிமை கிடையாது என்று கூகுள் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உழைப்பு உள்ளடக்கத்தில்தான் போக வேண்டும். எக்ஸ்டென்ஷன் சைக்கிளைக் குறிப்பதென்றால், செயின் கழன்றால் மாட்டுவது எப்படி, எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று ஒவ்வொரு கேள்விக்கும் படத்தோடு ஒரு பக்கம் எழுதுங்கள். இருபது பக்கம் உருப்படியாக இருந்தால் போதும், தொடங்கிவிடலாம். டாட் ஆப், டாட் டெவ் போன்றவற்றில், தளத்துடனான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லாமல் பிரவுசரில் தளம் திறக்காது. அதை முதலிலேயே போட்டுவிடுங்கள். இன்னொரு தொல்லை, சில பழைய படிவங்கள் நீளமான எக்ஸ்டென்ஷன் உள்ள மின்னஞ்சலை 'தவறான முகவரி' என்று தள்ளும். வங்கி போன்ற முக்கியக் கணக்குகளுக்கு வேறொரு முகவரியைக் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: என் பெயரை 8,000 டாலருக்கு வாங்குவதாக ஒருவர் மெயில் அனுப்பியிருக்கிறார். ஆனால் முதலில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்பச் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள்! இது பழைய மோசடி. அவரே ஒரு தளத்தைக் காட்டி 'இங்கே வாங்கினால்தான் செல்லும்' என்பார். அந்தத் தளமும் அவருடையதாகவே இருக்கும். நீங்கள் கட்டும் கட்டணம்தான் அவருக்கு வரும்படி. உண்மையில் வாங்க நினைப்பவருக்கு உங்கள் சான்றிதழ் தேவையில்லை. பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ மூலம் பணம் போடச் சொல்லிப் பதில் எழுதுங்கள், எஸ்க்ரோ தளத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். பணம் வந்து சேர்ந்ததாக அங்கே உறுதியாகும் வரை பெயரை மாற்றித்தரும் ஆத் கோடை யாருக்கும் கொடுக்காதீர்கள்.