பட்டியலில் விட்டுப்போன கோயில்

கேள்வி: காரைக்காலிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 62 வயது, கணவருக்கு 67. மகளோடும் ஒன்பது வயதுப் பேரனோடும் மே விடுமுறையில் கம்போடியா போய் அங்கோர்வாட் பார்க்க ஆசை. ‘தமிழ் மன்னன் கட்டிய உலகின் மிகப் பெரிய கோயில்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து இவருக்கு அதே நினைப்பு. டிராவல்ஸ்காரர் மூன்று நாளில் 14 கோயில் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாங்கள் சுத்த சைவம். எனக்கு முழங்கால் வலி உண்டு. அங்கே சூடம் ஏற்றிக் கும்பிடலாமா? பணம் எப்படிக் கொண்டு போவது? இன்னொன்று, என் தங்கை மகனுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். எங்களோடு டூரிஸ்ட் விசாவில் வந்து அப்படியே தங்கிவிடலாமாம். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வேண்டாம் அம்மா. தங்கை மகனை எக்காரணம் கொண்டும் அப்படி அழைத்துப் போகாதீர்கள். டேட்டா என்ட்ரி, கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி, கம்போடியா போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு கட்டடத்துக்குள் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிற கும்பல்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் இப்படி மாட்டியிருக்கிறார்கள். நம் வெளியுறவுத் துறை இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. டூரிஸ்ட் விசாவில் போய் வேலையில் சேரலாம் என்று ஒருவர் சொன்னாலே அவர் சரியான ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பையன் சுற்றிப் பார்க்க வருவதானால் சரி, திரும்பும் டிக்கெட்டை உங்களோடு சேர்த்தே போட்டுவிடுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப் செய்தி. அங்கோர்வாட்டைக் கட்டியவர் இரண்டாம் சூரியவர்மன், கம்போடியாவின் கெமர் இன மன்னர். 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், திருமாலுக்காகக் கட்டினார். பிறகு அது பௌத்தர்களின் கோயிலாகி, இன்றுவரை வழிபாட்டில் இருக்கிறது. இதை அங்கே போய் ‘எங்கள் ராஜா கட்டியது’ என்று சொன்னால் அவர்கள் முகம் சுருங்கும். அவர்களுடைய தேசியக் கொடியில் இருப்பதே அந்தக் கோயில்தானே! நமக்கு உரிமை கொண்டாட வேறு விஷயம் இருக்கிறது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. இன்னொரு உறவும் உண்டு, உங்கள் ஊருக்கே நேரடியாகச் சொந்தமானது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மே மாதம் போகலாமா? போகலாம், ஆனால் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் அங்கே இதமான காலம். ஏப்ரல்தான் வெயிலின் உச்சம், மே மாதத்தில் வெயிலோடு புழுக்கமும் சாயங்கால மழையும் சேரும். அரையாண்டு விடுமுறையில் போனால் கூட்டமும் ஓட்டல் வாடகையும் கூடுதலாக இருக்கும், ஆனால் முழங்கால்காரருக்கும் குழந்தைக்கும் அதுவே நல்லது. மே தவிர வழியில்லை என்றால் போங்கள். ஏப்ரல் நடுவில் மட்டும் வேண்டாம். நம் சித்திரை வருடப் பிறப்பை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு. பாதிக் கடைகள் மூடியிருக்கும், ஊரே சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும்.

இப்போது அந்தப் பட்டியல். 14 கோயில் என்பது கார்க் கண்ணாடி வழியாகக் கோயில் பார்க்கிற கணக்கு. அங்கோரில் நாளைப் பிரிப்பது வெயில்தான், கோயில் எண்ணிக்கை இல்லை. விடிவதற்கு முன் கிளம்பி, பத்தரை மணிக்கு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டுப் படுத்துவிட வேண்டும். மூன்றரைக்கு மேல் மறுபடி கிளம்பலாம். நான் முதல் தடவை போனபோது இந்தப் புத்தி இல்லாமல், உச்சிவெயிலில் பயோன் கோயிலின் கல்முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒரு இளநீர்க்காரம்மாவின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அவர் விசிறியதும் தண்ணீர் தெளித்ததும் நினைவிருக்கிறது. அன்று பார்த்த சிற்பம் ஒன்றுகூட நினைவில்லை.

நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. நீங்கள் மூன்று நாள் சீட்டே வாங்குங்கள். அதைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், தொடர்ந்து மூன்று நாள் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே நடுவில் ஒரு நாள் ஓய்வு வையுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, ஆனால் வாசலில் பேரனின் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். ஒவ்வொருவர் சீட்டிலும் அவரவர் படம் இருக்கும் என்பதால் மாற்றிக் கொடுக்க முடியாது.

அங்கோர்வாட் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். சூரியோதயம் பார்க்க வருகிற கூட்டம், குளத்தங்கரையில் படம் எடுத்த கையோடு காலைச் சாப்பாட்டுக்குக் கலைந்துபோகும். நீங்கள் அப்போதுதான் உள்ளே போக வேண்டும். கையில் நாலு இட்லியும் மிளகாய்ப்பொடியும் இருந்தால் நல்லது (இட்லிக்கு வழியில்லை என்றால் பிரெட், வாழைப்பழம்). கோயில் மேற்குப் பார்த்தது. வாசலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பி, கோயில் உங்கள் இடக்கைப் பக்கம் வருகிற மாதிரி நடங்கள். நம் வழக்கத்துக்கு இது அப்பிரதட்சிணம், கால் தயங்கும். ஆனால் சுவர்ச் சிற்பங்களின் வரிசை அப்படித்தான் ஓடுகிறது. முதலில் குருட்சேத்திரப் போர், பிறகு சூரியவர்மனின் ஊர்வலம், சொர்க்கமும் நரகமும், அப்புறம் கிழக்குச் சுவரில் பாற்கடல் கடையும் காட்சி. அந்த ஒரு காட்சி மட்டும் 49 மீட்டர் நீளம். அதற்கு அரை மணி நேரமாவது கொடுங்கள்.

நடுக்கோபுரத்தின் மேல்தளத்துக்குப் பாக்கான் என்று பெயர். படிகள் செங்குத்து, ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை மேலே விட மாட்டார்கள். ஆகவே நீங்களும் பேரனும் கீழே நிழலில் உட்கார்ந்திருங்கள், மகளும் கணவரும் போய் வரட்டும். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டை போட்டு மேலே துப்பட்டா சுற்றிக்கொண்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மகளிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் புடவை இருக்கிறது, கவலையில்லை.

சூடம் ஏற்ற முடியாது. ஆனால் கும்பிட ஒரு இடம் இருக்கிறது. மேற்கு வாசல் கோபுரத்துக்குள் எட்டுக் கைகளோடு ஆளுயரத்துக்கு மேல் ஒரு விஷ்ணு நிற்கிறார். ஊர்மக்கள் அவரைத் ‘தா ரீச்’ என்கிறார்கள், இன்றும் பட்டுத்துணி சாத்தி ஊதுவத்தி வைத்துக் கும்பிடுகிறார்கள். நீங்களும் ஒரு பூவை வைத்து நில்லுங்கள். யாராவது தானாக வந்து கையில் ஊதுவத்தியைத் திணித்தால் மட்டும் புன்னகையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பின்னாலேயே காணிக்கை கேட்பார்கள்.

சாப்பாட்டில் சிக்கல் மீன் குழம்பில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத மீனில். கீரைப் பொரியலில்கூட மீன்சாறு ஊற்றுவார்கள். அதற்குத் ‘தெக் த்ரெய்’ என்று பெயர். ‘ஒத் தாக் தெக் த்ரெய்’ என்றால் மீன்சாறு போடாதே என்று அர்த்தம். புளித்த மீன் விழுதான ப்ரஹோக் இன்னொன்று. இதையெல்லாம் ஒவ்வொரு கடையிலும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கெமர் மொழியில் ஒரு சீட்டு எழுதித் தரும்படி ஓட்டல் வரவேற்பில் கேட்டு வாங்கி, அதையே எல்லா இடத்திலும் நீட்டுங்கள். நீங்கள் தங்கப்போகிற, அங்கோரை ஒட்டிய சியாம் ரீப் ஊருக்குள் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, ஒரு வேளைக்கு அங்கே போய்விடலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். பகலிலும் கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள், டெங்கு உண்டு.

பணம் அமெரிக்க டாலராகவே கொண்டு போங்கள். கடையில் டாலர் கொடுத்தால் சில்லறை உள்ளூர் ரியெலில் வரும், ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல். பெரிய நோட்டு குறைவாகவும் சின்ன நோட்டு நிறையவும் வாங்குங்கள். வாங்கும்போதே ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நகக்கண் அளவு கிழிசலோ பேனாக் கோடோ இருந்தால் தொட மாட்டார்கள். மூலை கிழிந்த என் 20 டாலர் நோட்டு ஒன்று நான்கு நாளும் என்னோடு சுற்றிப் பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்பி வந்தது.

விசாவை ஆன்லைனில் எடுத்துவிடலாம், வருகைப் படிவத்தையும் அப்படியே நிரப்பலாம். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் காசு வாங்குகிற தளங்கள் நிறைய, முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக விமானத்தில் போங்கள். பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025-இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் மோதல் மூண்டு, தரைவழிச் சாவடிகள் மூடப்பட்டன. சியாம் ரீப்பின் புது விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது, ஓட்டல்காரரிடமே வண்டி சொல்லிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் உங்கள் வயதில் கிளம்பவே கூடாது.

ஓய்வு நாளில் பேரனை அபோபோ (APOPO) என்ற அமைப்பின் மையத்துக்குக் கூட்டிப் போங்கள். கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கும் ஆப்பிரிக்க எலிகளை அங்கே பார்க்கலாம். அவற்றில் மகாவா என்ற எலிக்கு 2020-இல் வீரத்துக்கான தங்கப்பதக்கமே கொடுத்தார்கள். கோயிலைவிட அதைத்தான் பையன் பள்ளியில் போய்ச் சொல்வான்.

கடைசியாக, டிராவல்ஸ்காரர் தூரம் என்று விட்டுவிட்ட கோயில்: பந்தே ஸ்ரே. ஊரிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். அவர் பட்டியலில் பத்தை அடித்துவிட்டு இதைச் சேருங்கள். 967-இல் குடமுழுக்கான சிவன் கோயில், கட்டியவர் அரசர் இல்லை, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். சிவந்த கல், சின்னக் கோயில், ஏறுவதற்குப் படியே அதிகமில்லை, உங்கள் முழங்காலுக்கென்றே கட்டினமாதிரி இருக்கும். உட்சுற்றின் கிழக்கு வாசல் முகப்பில் சிவன் ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் காலடியில் ஓரமாக, எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் சொல்வது அவளைத்தான். மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைக்கிற ஊரிலிருந்து போகிற நீங்கள் அவளைப் பார்க்காமல் திரும்பலாமா? உருவம் சிறியது, முகப்போ தலைக்கு மேலே. கிழக்கு முகம் என்பதால் காலையில் போனால்தான் வெளிச்சம் விழும். பேரன் கையில் ஒரு சின்ன பைனாகுலர் கொடுத்துவிடுங்கள், நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் அவன் காட்டிக் கொடுத்துவிடுவான்.